இருள் என்னும் குறியீடு: கான்ராடின் நாவலும் காங்கோ வரலாறும்

இலக்கியத்தில் பயிலும் குறியீடு ஒன்றற்குப் பொருள் கூறுதல் எளிது. அக்குறியீடு எங்கிருந்து வந்தது, ஆசிரியர் கைக்கு வருமுன் யார் யார் கையில் வழங்கியது என்று காண்டல் அரிது. நாணயம் ஒன்றைக் கையில் எடுத்த அளவிலேயே அதன் மதிப்பைச் சொல்லிவிடலாம். அதனை அடித்த அரசன் யார், எதன் பொருட்டு அடித்தான் என்பதை அறிய வரலாற்றின் துணை வேண்டும். சொற்களும் அத்தகையனவே. அவற்றுள்ளும் ஆதிக்க நாடுகள் பிற நாடுகளைக் குறித்து வழங்கிய சொற்கள், பல கை மாறிய பின்னும் தம்மை வார்த்த அச்சின் தடத்தை இழப்பதில்லை.

இக்கருத்தை விளக்குதற்கு ஏற்ற நூல், ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடு இயற்றியதும், 'இருளின் இதயம்' எனத் தமிழில் வழங்கத்தக்கதுமான குறுநாவலாகும். ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சியைக் குறித்து எழுந்த நாவல்களுள் இதனைப் போல மிகுதியாக ஆராயப்பட்டவை சிலவே. இதன் குறியீடுகளை மனித உள்ளத்தின் ஆழத்தைக் காட்டுவன என்று பொதுமையாக விளக்கிச் செல்வது திறனாய்வாளர் பலருக்கும் வழக்கம். ஆற்றில் மேற்செல்லும் பயணம் அகத்தினுள் செல்லும் பயணம் என்பர். காடு நெஞ்சின் அடித்தளம் என்பர். இவ்விளக்கம் பொருந்தாதது என்று நாம் கூறவில்லை. ஆயினும் அந்த ஆறு காங்கோ. அந்தக் காட்டில் மக்கள் வாழ்ந்தனர். அம்மக்களின் தலைகள் உண்மையாகவே கொய்யப்பட்டன. குறியீட்டின் பொருளை மட்டும் கண்டு அதன் வரலாற்றைக் காணாது விடின், நடந்த கொடுமை ஒன்று வெறும் உருவகமாய் மறைந்துபோம். ஆதலின் அந்நாவலின் குறியீடுகள் சிலவற்றை வரலாற்றோடு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆசிரியரும் நூலும்

கான்ராடு பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். 1857ஆம் ஆண்டில், அந்நாளில் உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பெர்டிச்சிவ் என்னும் ஊரில் போலந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். போலந்து நாட்டை அண்டை அரசுகள் மூன்றும் பங்கிட்டுக் கொண்டிருந்த காலம் அது. கவிஞரும் நாட்டுப்பற்றாளருமான அவர் தந்தையார் சிறை செய்யப்பட்டு, 1862இல் குடும்பத்தோடு வட உருசியாவிலுள்ள வோலக்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தாயார் 1865இலும் தந்தையார் 1869இலும் இறந்தனர். பேரரசு ஒன்றின் கை எத்துணைக் கடியது என்பதைப் பதினொரு வயதுக்குள் உணர்ந்தவர் கான்ராடு. பின்னர்க் கடலோடியாகிப் பிரிட்டிஷ் கப்பல்களில் பணி செய்து, 1886இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார்.

1890ஆம் ஆண்டில் பெல்ஜியக் கம்பெனி ஒன்றின் ஊழியராய் அவர் காங்கோவுக்குச் சென்றார். சூன் திங்களில் மட்டாடி என்னும் ஆற்றுத் துறையை அடைந்து, அங்கிருந்து அருவிகள் நிறைந்த பகுதியைக் கால்நடையாய்க் கடந்து, ஆகஸ்டுத் தொடக்கத்தில் கின்ஷாசாவை எய்தினார். பின்னர் 'பெல்ஜியரின் அரசன்' என்று பொருள்படும் பெயருடைய சிறு நீராவிக் கப்பலில் ஸ்டான்லி அருவி வரை சென்று மீண்டார். மீளும்பொழுது, அந்நிலையத்தில் நோயுற்றிருந்த கிளைன் என்னும் கம்பெனி முகவர் கப்பலில் ஏற்றப்பட்டு வழியிலேயே இறந்தார். நாவலின் கையெழுத்துப் படியில் கர்ட்சு என்னும் பாத்திரத்தின் பெயர் தொடக்கத்தில் கிளைன் என்றே எழுதப்பட்டிருந்தது. இப்பயணத்தின்போது கான்ராடு எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. வழியோரத்தில் கிடந்த பிணங்களும், கம்பம் ஒன்றில் கட்டப்பட்டிருந்த எலும்புக்கூடும் அதில் சுருக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன.

எட்டாண்டுகள் கழித்து, 1898ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இக்கதையை எழுதத் தொடங்கினார். 1899ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 'பிளாக்வுட்' இதழில் மூன்று பகுதிகளாக அது வெளிவந்தது. 1902இல் நூல்வடிவம் பெற்றது. தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் 'நெல்லி' என்னும் படகில் இருந்துகொண்டு, மார்லோ என்னும் மாலுமி தன் காங்கோப் பயணத்தை நண்பர்க்கு உரைப்பதாகக் கதை அமைந்துள்ளது.

2. இருள் என்னும் சொல்

நாவலின் தலைப்பிலேயே நிற்கும் 'இருள்' கான்ராடு படைத்த குறியீடு அன்று. அது அவர் காலத்து அரசியலில் நன்கு பழகிய சொல். 1876ஆம் ஆண்டு செப்டம்பரில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் புவியியல் மாநாடு ஒன்றைக் கூட்டினார். நடு ஆப்பிரிக்க மக்களைச் சூழ்ந்துள்ள இருளை ஊடுருவி நாகரிகத்தைக் கொண்டு செல்லுதலே தம் குறிக்கோள் என்று அவர் தம் தொடக்கவுரையில் கூறினார். அம்மாநாட்டில் தோன்றிய அனைத்துலக ஆப்பிரிக்கச் சங்கம், நீலப் பரப்பின் நடுவே பொன்னிற விண்மீன் ஒன்று விளங்கும் கொடியை மேற்கொண்டது. இருளிடையே தோன்றும் நாகரிக ஒளி என்று அவ்விண்மீனுக்குப் பொருள் கூறப்பட்டது. அக்கொடியே பின்னர்க் காங்கோ அரசின் கொடியாயிற்று.

காங்கோ ஆற்றை ஆராய்ந்த ஸ்டான்லி, 1878இலும் 1890இலும் தாம் வெளியிட்ட பயண நூல்களின் தலைப்பில் 'இருண்ட கண்டம்' என்றும் 'மிக இருண்ட ஆப்பிரிக்கா' என்றும் அச்சொல்லை நிலைநாட்டினார். 1884-85இல் நடந்த பெர்லின் மாநாட்டையொட்டி ஐரோப்பிய அரசுகள் லியோபோல்டின் உரிமையை ஏற்றுக்கொண்டன. 1885இல் 'காங்கோ சுதந்தர அரசு' நிறுவப்பட்டது. பெயரளவிற்குச் சுதந்தர அரசு. செயலளவிற்கு ஒரு தனி மனிதரின் உடைமை. தாம் ஒருநாளும் கண்ணால் காணாத அந்நாட்டை அம்மன்னர் 1908 வரை ஆண்டார்.

எனவே 'இருள்' என்பது நாட்டைக் கைப்பற்றுதற்கு எழுதப்பட்ட உரிமைப் பத்திரத்தின் சொல் எனலாம். ஒரு நாட்டை இருள் என்று சொல்லிவிட்டால், அங்குச் செல்பவன் ஒளி கொணர்பவன் ஆகிவிடுகின்றான். அவன் எடுத்துக்கொள்ளும் பொருளெல்லாம் விளக்கெண்ணெய்க்குக் கொடுத்த விலை ஆகிவிடுகின்றது.

கான்ராடு இச்சொல்லை எடுத்துத் திருப்பி வைக்கின்றார். அத்திருப்பம் நிகழும் இடங்கள் நுட்பமாக நோக்கத்தக்கவை. முதலாவது, நிலப்படம். மார்லோ சிறுவனாய் இருந்தபோது ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி படத்தில் வெண்மையாய், எழுதப்படாத இடமாய் இருந்தது. அவன் வளர்ந்த காலத்தில் ஆறுகளும் ஏரிகளும் பெயர்களும் அதில் நிறைந்துவிட்டன. வெண்மையாய் இருந்த இடம் இருண்ட இடமாயிற்று. மன்னரின் உரைப்படி ஐரோப்பியர் செல்லச் செல்ல இருள் அகலவேண்டும். நாவலிலோ ஐரோப்பியர் சென்று பெயரிட்ட பின்னரே இருள் படர்கின்றது.

இரண்டாவது, கர்ட்சு வரைந்த ஓவியம். நடு நிலையத்தில் மார்லோ காணும் அப்படத்தில், கண்கட்டப்பட்ட பெண்ணொருத்தி கையில் தீவட்டி ஏந்தி நடக்கின்றாள். பின்புலம் ஏறத்தாழக் கருமை. தீவட்டியின் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டுக் கொடிய தோற்றத்தைத் தருகின்றது. விண்மீன் பொறித்த கொடியோடு இவ்வோவியத்தை ஒப்பு நோக்குவார்க்கு இதன் பொருள் விளங்கும். ஒளி உண்டு, ஒளியை ஏந்துபவளுக்குக் கண் இல்லை. அவள் காட்டும் வெளிச்சம் பிறர்க்கு வழியாகாது அவளையே அச்சந்தரும் உருவாகக் காட்டுகின்றது.

மூன்றாவது, தேம்ஸ் ஆறு. கதை தொடங்கும் அந்தி வேளையில், இலண்டனும் ஒரு காலத்தில் உலகின் இருண்ட இடங்களுள் ஒன்றாய் இருந்தது என்கின்றான் மார்லோ. 1,900 ஆண்டுகட்கு முன் அவ்வாற்றில் வந்த உரோமானியப் படைத்தலைவன் ஒருவன் அச்சதுப்பு நிலத்தையும் காட்டையும் கண்டு எவ்வாறு நடுங்கியிருப்பான் என்றும் விரித்துரைக்கின்றான். பேரரசின் தலைநகரே மற்றொரு பேரரசின் குடியேற்ற நிலமாய் இருந்ததை நினைவூட்டுதல் அந்நாள் ஆங்கில வாசகர்க்கு எளிதில் செரிக்கும் செய்தி அன்று.

அப்பகுதியிலேயே தேம்ஸிலிருந்து புறப்பட்ட புகழ்பெற்ற கப்பல்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் 'எரிபஸ்', 'டெரர்' என்பன இரண்டு. வடதுருவக் கடல்வழி காணச் சென்று, 129 பேரோடு மறைந்துபோன பிராங்க்ளினின் 1845ஆம் ஆண்டுப் பயணக் கப்பல்கள் அவை. எரிபஸ் என்பது கிரேக்கர் ஆதி இருளுக்கு இட்ட பெயர். டெரர் என்பதற்கு அச்சம் என்பது பொருள். அக்கப்பல்களில் சென்றோர் இறுதியில் மனித ஊன் உண்டனர் என்னும் செய்தியை ஜான் ரே என்பார் 1854இல் வெளிப்படுத்தியபொழுது இங்கிலாந்தில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அதே நாவலின் நடுவில், மனித ஊன் உண்பவர் என்று மார்லோ கூறும் காங்கோ மாலுமிகள், பசி வருத்தியும், எண்ணிக்கையில் தாமே மிக்கிருந்தும், கப்பலிலிருந்த வெள்ளையரைத் தீண்டாது அடங்கியிருக்கின்றனர். மார்லோ அதனை எண்ணி வியக்கின்றான். இருளும் அச்சமும் புறப்பட்ட இடம் எது என்பதை ஆசிரியர் வெளிப்படக் கூறவில்லை. கப்பல்களின் பெயரைக் கூறி அமைகின்றார்.

3. தந்தமும் அதன் வழியும்

நாவலில் அடிக்கடி ஒலிக்கும் பொருள் யானைத்தந்தம். நடு நிலையத்தில் அச்சொல் காற்றில் மிதக்கின்றது. அங்குள்ளார் அதனைத் தொழுவார் போல முணுமுணுக்கின்றனர். கர்ட்சின் வழுக்கைத் தலை தந்தப் பந்தினை ஒக்கின்றது. இறக்கும் வேளையில் அவன் முகம் தந்தத்தில் செதுக்கியது போலத் தோன்றுகின்றது. தேடியவனே தேடிய பொருளாய் மாறிவிடும் இக்காட்சியைத் திறனாய்வாளர் பலரும் எடுத்துக் காட்டுவர்.

ஆயினும் அப்பொருளின் வழியைத் தொடக்கமும் முடிவும் வைத்துக் காணல் வேண்டும். கதையின் தொடக்கத்தில், தேம்ஸ் படகில், கணக்கர் ஒருவர் டோமினோ ஆட்டக் காய்களை அடுக்கி விளையாடிக் கொண்டிருக்கின்றார். அக்காய்கள் எலும்பாலும் தந்தத்தாலும் செய்யப்படுவன. கதையின் முடிவில், கர்ட்சுக்கு மணம் பேசப்பட்டிருந்த பெண்ணின் இல்லத்தில், வரவேற்பறை மூலையில் பெரிய பியானோ ஒன்று மெருகிட்ட கற்பேழை போல இருள நிற்கின்றது. பியானோவின் கட்டைகள் தந்தத் தகடு பொதிந்தவை என்பதை அந்நாள் வாசகர்க்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பியானோக் கட்டை, பில்லியர்டுப் பந்து, கத்திப்பிடி, சீப்பு ஆகியவற்றிற்கே ஐரோப்பா தந்தத்தை விரும்பியது. படகிலுள்ள விளையாட்டுக்கும் மாளிகையிலுள்ள இசைக்கும் இடையே கிடப்பது காங்கோ. மார்லோ உண்மையை மறைத்துப் பொய் உரைப்பதும் அப்பியானோ நிற்கும் அறையிலேதான். உண்மை அங்கே பேழைக்குள் அடக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் ஒன்றை உடன் நோக்குதல் வேண்டும். கான்ராடு காங்கோவில் இருந்த 1890இல் தந்தமே அந்நாட்டின் தலையாய பொருள். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கிய பின்னர் ரப்பரின் தேவை பெருகிற்று. 1890க்குப் பிந்திய பத்தாண்டுகளில் காங்கோக் காடுகளின் கொடிகளிலிருந்து ரப்பர் எடுக்க ஊர்தோறும் மக்கள் வற்புறுத்தப்பட்டனர். அளவு குறைந்த ஊர்களில் பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். சுட்ட குண்டுக்குக் கணக்குக் காட்டப் படைவீரர் கைகளை அறுத்துக் கொணர்ந்தனர். நாவல் வெளிவந்தபொழுது காங்கோவின் துயரம் ரப்பரின் துயரமாய் இருந்தது. நாவலிலோ ரப்பர் இல்லை. கான்ராடு தாம் கண்டதை எழுதினார். தாம் வந்த பின் நிகழ்ந்தது அதனினும் கொடியது. ஆதலின் இந்நாவலை அக்கொடுமையின் முழுச்சித்திரம் எனக் கொள்ளாது அதன் முன்வாயில் எனக் கொள்வதே பொருந்தும்.

4. கம்பியும் ஆணியும் கணக்கேடும்

பெருங்குறியீடுகளை நோக்குவார் சிறுபொருள்களைக் கவனியாது விடுதல் உண்டு. இந்நாவலில் வரலாறு செறிந்திருப்பது சிறுபொருள்களிலேயே ஆகும்.

கப்பலில் பணி செய்யும் காங்கோ மக்களுக்கு வாரக் கூலியாக மூன்று பித்தளைக் கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம், தவறாது கொடுக்கப்படுகின்றன. கரையிலோ வாங்குதற்கு ஊர் இல்லை, அல்லது ஊரார் பகையாய் உள்ளனர், அல்லது மேலாளர் கப்பலை நிறுத்த இசையவில்லை. எனவே கூலி உண்டு, உணவு இல்லை. பித்தளைக் கம்பி காங்கோவில் உண்மையாகவே நாணயமாய் வழங்கியது. 'மிட்டாக்கோ' என்பது அதன் பெயர். சட்டப்படி யாவும் ஒழுங்காய் இருந்து, உண்மையில் யாவும் கொள்ளையாய் இருந்த ஓர் ஆட்சிக்கு இதனினும் சிறந்த அடையாளம் கூறல் இயலாது.

முதல் நிலையத்தில் மார்லோ இருப்புப்பாதை வேலையைக் காண்கின்றான். குறுக்கே நில்லாத மலைப்பாறையை வெடிவைத்துத் தகர்க்கின்றனர். சக்கரம் மேலாய்க் கவிழ்ந்து கிடக்கின்றது ஒரு வண்டி. கழுத்தில் வளையமும் இடையே சங்கிலியுமாய் ஆறு பேர் மண் சுமந்து செல்கின்றனர். மரநிழலில் உழைத்து ஓய்ந்தவர் சாவை எதிர்நோக்கிக் கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவன் கழுத்தில் கடல் கடந்து வந்த வெள்ளை நூல் ஒன்று சுற்றியிருக்கின்றது. அது அணியோ, அடையாளமோ, காப்போ என்று மார்லோ வினவிக் கொள்கின்றான். பிரஸ்ஸல்ஸ் அலுவலக வாயிலில் இரு பெண்கள் கறுப்புக் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்ததை வாசகர் நினைவுகூர்வர். அங்கே பின்னப்படும் நூல் கறுப்பு. இங்கே சாகின்றவன் கழுத்து நூல் வெள்ளை. நிறங்களின் பழைய பொருள் இங்கே நிலை மாறுகின்றது.

அருவிகளால் கப்பல் செல்லல் இயலாத பகுதியைக் கடக்க மட்டாடியிலிருந்து இடப்பட்ட அந்த இருப்புப்பாதை 1890இல் தொடங்கி 1898இல் முடிவுற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 366 கிலோமீட்டர். அதிகாரபூர்வக் கணக்கின்படியே ஐரோப்பியர் 132 பேரும் பிறர் 1,800 பேரும் அதில் உயிர் இழந்தனர். அம்மரநிழலுக்கு அருகிலேயே, கஞ்சியிட்ட கழுத்துப்பட்டையோடு தலைமைக் கணக்கர் ஒருவர் பிழையற்ற கணக்கேடுகளை எழுதிக்கொண்டிருப்பதாகக் கான்ராடு காட்டுகின்றார். கணக்கேட்டில் ஒழுங்கு, கதவுக்கு வெளியே சாவு.

மார்லோவுக்குத் தன் கப்பலைச் செப்பனிட வேண்டுவன தறையாணிகள் மட்டுமே. கடற்கரை நிலையத்தில் அவை பெட்டி பெட்டியாய்ச் சிதறிக் கிடக்கின்றன. நடு நிலையத்துக்கோ வாரந்தோறும் மெருகுத்துணியும் மணிகளும் கைக்குட்டைகளும் வருகின்றன; ஆணி வருவதில்லை. எடுத்துச் செல்வதற்கு வந்தோர் எதனையும் இணைத்து நிறுத்த எண்ணவில்லை என்னும் உண்மையை ஆணியின் இன்மை உணர்த்துகின்றது.

5. கம்பங்களின் மேல் தலைகள்

கர்ட்சின் இல்லத்தின் முன் நடப்பட்டுள்ள கம்பங்களை மார்லோ தொலைநோக்கியால் பார்க்கின்றான். முதலில் அணிவேலைப்பாடு என்று அவன் எண்ணியவை மனிதத் தலைகள். அவை கிளர்ச்சிக்காரர் தலைகள் என்று அங்குள்ள உருசிய இளைஞன் விளக்கம் கூறுகின்றான். அதனைக் கேட்டு மார்லோ நகைக்கின்றான். பகைவர் என்றும், குற்றவாளிகள் என்றும், தொழிலாளர் என்றும் அம்மக்களுக்கு இட்ட பெயர்களைக் கேட்டு வந்தவனுக்குக் கிளர்ச்சிக்காரர் என்பது மற்றுமொரு பெயராய்ப் படுகின்றது.

இக்காட்சியைத் தீமையின் குறியீடு என்று கூறி மேற்செல்வார் உளர். ஸ்டான்லி அருவி நிலையத்தின் தலைவராய் இருந்த லியோன் ரோம் என்னும் அதிகாரி, 21 தலைகளைத் தம் இல்லத்தின் முன்னிருந்த பூம்பாத்தியைச் சுற்றி அணியாக வைத்திருந்தார் என்பது கிளேவ் என்னும் பயணியின் குறிப்பால் தெரிகின்றது. கிளேவ் 1895இல் இறந்தார். அவர் குறிப்புகள் 1897இல் 'செஞ்சுரி' இதழில் வெளிவந்தன. 1898 டிசம்பரில் இலண்டனின் 'சாட்டர்டே ரிவ்யூ' இச்செய்தியை எடுத்து எழுதியது. கான்ராடு கதையை எழுதத் தொடங்கியதும் அதே திங்களில். ஆடம் ஹாக்சைல்டு 1998இல் வெளியிட்ட காங்கோ வரலாற்று நூலில் இவ்வொற்றுமையை விரித்துக் காட்டினார். பூம்பாத்தி என்பது கற்பனையை விஞ்சும் செய்தி. கான்ராடு பூக்களை நீக்கிக் கம்பங்களை மட்டுமே வைத்தார். அவர் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே கூறினார்.

மட்டாடியில் கான்ராடோடு தங்கியிருந்த ரோஜர் கேஸ்மென்ட் என்பவர், பின்னாளில் பிரிட்டிஷ் தூதராய்க் காங்கோவின் உட்பகுதிகளில் சென்று மக்களின் வாய்மொழிகளைத் திரட்டினார். அவ்வறிக்கை 1904இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மோரல் என்பாரோடு சேர்ந்து காங்கோச் சீர்திருத்தச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்கிளர்ச்சியின் பயனாய் 1908இல் மன்னரின் உடைமையாய் இருந்த நாடு பெல்ஜிய அரசின் ஆட்சிக்கு மாறியது. கேஸ்மென்டின் அறிக்கையில் காங்கோ மக்கள் தாமே பேசுகின்றனர். கான்ராடின் நாவலில் அவர்கள் பேசுவது அரிதினும் அரிது. இவ்வேறுபாடு நம்மை அடுத்த வினாவுக்கு இட்டுச் செல்கின்றது.

6. பறை

ஆற்றின் இருமருங்கும் இரவில் பறை ஒலிக்கின்றது. அது போரைக் குறித்ததோ, அமைதியைக் குறித்ததோ, வழிபாட்டைக் குறித்ததோ மார்லோவுக்கு விளங்கவில்லை. விளங்காமையினாலேயே அது அவனுக்குத் தொல்பழங்காலத்தின் குரலாய், இருளின் நாடித்துடிப்பாய்த் தோன்றுகின்றது.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் துணை செய்யும். தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியர் எண்ணுகின்றார். அவற்றுள் தெய்வம் ஒழிந்தவற்றை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை உவமம் பிறக்கும் என்பது அவர் கோட்பாடு. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும் பாலைக்குத் துடியும் உரியன எனப் பிற்கால அகப்பொருள் நூலார் வகுத்தனர். ஓர் இல்லில் சாப்பறையும் மற்றோர் இல்லில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைக் கேட்டு உலகியல்பை உணரும் புலவரைப் புறநானூற்றில் காண்கின்றோம். இரண்டும் பறையே, எனினும் எது சாவுக்குரியது, எது மணத்துக்குரியது என்பதை அவர் செவி அறியும். அறிதலினால் அன்றோ அப்பாட்டின் பொருள் பிறக்கின்றது? உள்ளுறை என்பது நிலத்தை அறிந்தார், அதனை அறிந்தார்க்குக் கூறுவது.

கான்ராடின் குறியீடு இதற்கு மறுதலையாய் நிற்கின்றது. காடும் ஆறும் பறையும் காங்கோ மக்களின் கருப்பொருள்கள். அவற்றைக் குறியீடாக்குபவனோ அந்நிலத்தின் மொழியறியாத வழிப்போக்கன். அறியாமையே அங்கே குறியீட்டின் ஊற்றுக்கண்.

இது நாமாகக் கூறும் குறை அன்று. ஸ்டான்லி அருவிக்குச் சிறிது கீழே, கான்ராடின் கப்பல் சென்ற அதே ஆற்றங்கரையில் வாழும் லோக்கேலே மக்களின் பறையை, அங்குப் பல்லாண்டுகள் வாழ்ந்த கேரிங்டன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஆராய்ந்து 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்களின் மொழியில் சொற்கள் ஏற்றக்குரல், இறக்கக்குரல் என்னும் இசை வேறுபாட்டால் பொருள் வேறுபடும். குடையப்பட்ட மரப்பறையின் இருபுறமும் அவ்விரு குரல்களைத் தருவன. ஒரே இசையமைப்புடைய சொற்கள் மயங்காதிருக்க, ஒவ்வொரு பெயரையும் வழக்காய் நிலைத்த அடைமொழித் தொடரோடு விரித்து ஒலிப்பர். பிறப்பும் இறப்பும் வருகையும் இவ்வாறு ஊர்விட்டு ஊர் செல்லும். மார்லோ இருளின் துடிப்பு என்று கேட்டது ஒரு மொழி. அவன் வருகின்ற செய்தியையே அது அறிவித்திருத்தலும் கூடும்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கான்ராடு ஆப்பிரிக்காவை ஐரோப்பிய மனத்தின் சிதைவுக்குரிய வெறும் பின்புலமாக ஆக்கி, ஆப்பிரிக்கரை மாந்தராகக் காட்டாது ஒழித்தார் என்று கடிந்துரைத்தார். 1977இல் அச்சான அவ்வுரை இந்நாவலைக் கற்பிக்கும் முறையையே மாற்றியது. அச்சிபியின் மறுமொழி அதற்கு முன்னரே, 1958இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே தொடங்கிவிட்டது எனலாம். அந்நூலில் நள்ளிரவில் 'எக்வே' என்னும் மரப்பறை முழங்குகின்றது. அது குலத்தின் பெயரை அழைக்கின்றது. ஊர்களை ஒவ்வொன்றாய்ச் சுட்டுகின்றது. இறந்த முதியவரின் பெயரைக் கூறுகின்றது. கேட்போர் அனைவரும் அறிந்து கொள்கின்றனர். கான்ராடில் இருளாய் நின்ற அதே ஒலி, அச்சிபியில் செய்தியாய், துயராய், ஊராய் நிற்கின்றது. அந்நூலின் இறுதியில், மாண்ட வீரனொருவனின் வாழ்வைத் தான் எழுதப்போகும் நூலில் ஒரு பத்தியில் அடக்கிவிட எண்ணுகின்றான் மாவட்ட ஆணையர். பிறர் வாழ்வைத் தம் நூலுக்குப் பொருளாக்கும் எழுத்தின் இயல்பையே அக்காட்சி குறியீடாக்குகின்றது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. கான்ராடு தம் காலத்துப் பேரரசுகளின் வாயில் வழங்கிய இருள் என்னும் சொல்லைக் கைக்கொண்டு, அதனை வழங்கியோர் மீதே திருப்பினார். நிலப்படமும் ஓவியமும் தந்தமும் பித்தளைக் கம்பியும் அத்திருப்பத்தின் கருவிகள். அவை ஒவ்வொன்றும் வரலாற்றில் வேரூன்றியவை. இது முதலாவது. அச்சொல்லைத் திருப்பினாரேயன்றி அவர் அதனைக் கைவிடவில்லை. சொல் நின்றது, ஆதலின் அச்சொல்லால் மறைக்கப்பட்ட மக்களும் மறைந்தே நின்றனர். இது இரண்டாவது.

இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் கூறி மற்றதை விடுதல் நேர்மையாகாது. முதலாவதை மட்டும் கூறுவோர் காங்கோ மக்களின் மௌனத்தை இலக்கிய அழகாய்க் கொள்வர். இரண்டாவதை மட்டும் கூறுவோர், 1899இல் ஐரோப்பிய வாசகர் பெரும்பாலோர் அறிய விரும்பாத ஒன்றை எழுதிய பேனாவின் துணிவைக் காணாது போவர். வகுப்பில் இந்நாவலைப் பேசும் ஒவ்வோர் ஆண்டும், அதனைப் புகழ்வதா இகழ்வதா என்று மாணவர் வினவுவதுண்டு. இரண்டிற்கும் முன்னர், காங்கோவின் நிலப்படத்தை விரித்து வைத்து, ஸ்டான்லி அருவிக்குக் கீழே அந்தப் பறை ஒலித்த ஊர்களைக் கண்டுபிடியுங்கள் என்பதே நாம் கூறும் விடை. காங்கோ 1960 சூன் 30ஆம் நாள் விடுதலை பெற்றது. ஸ்டான்லி அருவி நிலையம் இன்று கிசங்கானி என்னும் நகரம். அங்கு வாழ்வோர்க்கு அது ஊர். யாருடைய இருளின் இதயமும் அன்று.

குறியீட்டின் பொருளை நூலினுள் தேடுவது திறனாய்வின் தொடக்கம். அக்குறியீட்டால் பேச்சிழந்தவர் யார் என்று நூலுக்கு வெளியே சென்று தேடுவது அதன் கடமை. நம் இலக்கியங்களில் பாலையையும் குறிஞ்சியையும் பொருளாக்கிய புலவர், அந்நிலங்களில் வாழ்ந்த எயினரையும் குறவரையும் எவ்விடங்களில் பேசவிட்டனர், எவ்விடங்களில் வெறும் பின்புலமாய் நிறுத்தினர் என்று ஆராய்வார்க்கும் இவ்வினா பயன்படும்.